கதவுக்கு முன் இரண்டு குதிப்பு

ஜனவரி 4

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைப்பாய். இனி உன் குரல் என் காதில் விழக்கூடாது என்று அன்றைக்கு வாசலில் நின்று சொன்னேன். அந்தச் சொல் சொன்னபடியே இருக்கிறது. உன் மகள் போன் போட்டு, "பெரியம்மா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்று கெஞ்சும்போதெல்லாம் நான் போனை அடுப்படி மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறேன். ஆனால் எழுதுவதைப் பற்றி நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துக்குக் குரல் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் ரெண்டு பேரும் டிவியில் ஆடினோமே, இரும்புக்காடு, அந்த கேமுக்கு ரெண்டாம் பாகம் வருகிறதாம். ஜூன் மாதம். மருமகள் போனில் காட்டினாள். இந்தத் தடவை ஒரே சோபாவில் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். நெட் இருந்தால் போதும். நான் இந்த வீட்டில் இருந்தும் நீ அந்த வீட்டில் இருந்தும் ஒரே காட்டுக்குள் நடக்கலாம் என்று கம்பெனிக்காரன் சொல்கிறான்.

சொல்கிறான், அவ்வளவுதான். நான் நம்பிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. போன பாகத்தில் ஆற்றங்கரையில் ஒரு படகு கட்டிக் கிடந்தது. அடுத்த அப்டேட்டில் ஏறலாம் என்றான். தையல் கடையில் நான் காஜா எடுத்துக் கை மரத்துப்போய், நீ இஸ்திரி போட்டுத் தோள் இறங்கிப்போய் வீட்டுக்கு வருவோம். வந்ததும் முதல் வேலையாக அந்தப் படகைத்தான் போய்ப் பார்ப்போம். நீ ஏறப் பார்த்துத் தண்ணீரில் விழுவாய். கடைசிவரை அது நகரவில்லை. ஏமாற்றியவன் மறந்திருப்பான். எனக்கு அந்தக் கயிற்றின் முடிச்சுகூட ஞாபகம் இருக்கிறது.

கண்ணாடிக் கோபுரத்தின் கடைசிக் கதவும் ஞாபகம் இருக்கிறது. ரெண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் திறக்கும் கதவு. அதன் முன்னால் என்னைத் தனியாக நிறுத்திவிட்டு நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாய். கேம் மெஷினைப் போட்டால் என் வாள்காரி இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறாள்.

உனக்கு இந்த சமாச்சாரம் முன்பே தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை?

பெரியவள்


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தை லிஃப்டில் நின்றபடியே பிரித்துவிட்டேன். எங்கள் மாடி வந்தும் இறங்கத் தோன்றவில்லை. மேலே போய்க் கீழே வந்து, மறுபடி மேலே போனேன். பக்கத்து வீட்டம்மா, "என்னங்க, வழி மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். எழுத்தைப் பார்த்ததும் அப்படி ஆகிவிட்டது அக்கா. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஓரகத்திகளாக இருந்தும் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. மாடி அறையில் இருக்கிறவளுக்கு யார் எழுதுவார்கள்!

சமாச்சாரம் தெரியும். சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால், "உனக்கென்ன இப்ப?" என்பீர்களோ என்று.

எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் படகில் விழுந்தவள் நான்தானே, அதனால் எட்டியே நிற்கிறேன். நாலு பேர் சேர்ந்து ஆடலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான். கீழே பொடி எழுத்தில் 'மாறுதலுக்கு உட்பட்டது' என்றும் போட்டிருக்கிறான். நெட் நடுவில் போனால் என்ன ஆகும்? மாதா மாதம் கட்டச் சொல்வானா? ஒருவர் உலகத்தில் போய் ஆடிச் சம்பாதித்தது நம்மோடு வருமா, இல்லை அங்கேயே நின்றுவிடுமா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு முக்கியம். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

கதவு முன்னால் நிறுத்திவிட்டுப் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். போகிற நாள் காலையில் நான் உங்களிடம் என்ன கேட்டேன்? நகை கேட்டேனா, பாத்திரம் கேட்டேனா? என் மருத்துவச்சியை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள் என்றேன். எத்தனை வருஷம் உங்கள் பின்னாலேயே நடந்து, நீங்கள் விழும்போதெல்லாம் மந்திரக்கோலால் தொட்டு எழுப்பி வளர்த்தவள் அவள்! மெஷின் என்ன சொன்னது? 'இரண்டாம் ஆட்டக்காரர் விருந்தாளி. சேமிக்க ஒன்றுமில்லை.'

நீங்கள் அதைப் படித்துவிட்டு, "அதுக்கு நான் என்ன பண்ண?" என்று உள்ளே போய்விட்டீர்கள்.

சின்னவள்


ஜனவரி 28

சின்னவளுக்கு,

வந்துவிட்டாயா அதற்கு! வருவாய் என்று தெரியும்.

மெஷினை முதல் நாள் போட்டபோது அது கேட்டது, வீட்டுக்காரி யார் என்று. நான் என் பெயரை அழுத்தினேன். என் மகன் பட்டறையில் ஸ்கூட்டர் ரிப்பேர் பார்த்து வாங்கி வந்த மெஷின், என் ஹாலில் இருக்கிறது. வேறு யார் பெயரை அழுத்துவது? ரெண்டாவது ஆளுக்கு அது விருந்தாளி என்று தானாகப் போட்டுக்கொண்டது. அதில் என் சதி என்ன இருக்கிறது? நீயும் பக்கத்தில் உட்கார்ந்துதானே இருந்தாய்? "போடுங்கக்கா போடுங்கக்கா, ஓநாய் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அன்றைக்கு நீ போட்டிருந்த நீலச் சேலைகூடச் சொல்வேன்.

அதற்காக வாசலில் நின்று, "இந்த வீட்ல நான் என்னைக்கும் விருந்தாளிதான்" என்று தெருவே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாய். ஊற்றி வைத்த டீயைத் தொடவில்லை. நான் அதைக் கொட்டவுமில்லை, குடிக்கவுமில்லை. ஆடை கட்டிக் கிடந்து, மருமகள்தான் எடுத்துக் கழுவினாள்.

இருக்கட்டும். கேமைப் பற்றிப் பேசுவோம். நான் விசாரித்த வரையில், பேசிக்கொண்டே ஆட மைக் வைத்திருக்கிறான். அது நமக்கு ஆகாது. அணைத்துவிடலாமாம். சைகைக்குத் தனிப் பட்டன் உண்டு. கையாட்டலாம், வா என்று கூப்பிடலாம், உட்காரலாம், குனிந்து வணங்கலாம். எனக்கு அது போதும். நீ பேசாமல் இருந்தாலே பாதிக் கேம் முடிந்துவிடும்.

இன்னொன்று. நீ கதவு திறக்கிறதற்கு முன்னால் ரெண்டு தரம் குதிப்பாயே, அதை விட்டுவிட்டாயா? முதல் நாள் பட்டன் தெரியாமல் குதிக்கிற பட்டனை ரெண்டு தரம் அழுத்தினாய். அப்புறம் கதவு திறந்தது. அன்றையிலிருந்து குதித்தால்தான் கதவு திறக்கும் என்று உனக்கு ஒரு பிடிவாதம். அந்தத் தொப் தொப் சத்தத்துக்கு எத்தனை ஓநாய் வந்து என்னைக் கடித்தது!

ரெண்டாம் பாகத்தில் உலகத்தை நான் திறக்கிறேன். நீ வந்து சேர்ந்துகொள்.

பெரியவள்


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

குதிப்பதை விடவில்லை. இங்கே வீட்டுக் கதவைத் திறக்கும்போதுகூடக் குதிகால் தானாக எழும்புகிறது. மகள் சிரிக்கிறாள்.

மைக்கை அணைத்துவிடலாம். நீங்கள் திட்டுவது காதில் விழாமல் ஆடுவது எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

ஆனால் உங்கள் கடைசி வரியை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 'உலகத்தை நான் திறக்கிறேன், நீ வந்து சேர்ந்துகொள்.' அக்கா, நானும் விசாரித்தேன். இதிலும் வீட்டுக்காரி உண்டு, விருந்தாளி உண்டு. அவரவர் லெவலும் சாமானும் அவரவருக்கே என்று இப்போதைக்குச் சொல்கிறான். ஆனால் நிலமும் வீடும் உலகத்தைத் திறந்தவளுக்குத்தான். விருந்தாளி கட்டிய சுவரும் அவளுக்குத்தான். வீட்டுக்காரி சண்டையில் விழுந்து, யாரும் எழுப்பாவிட்டால், விருந்தாளிகளை அவரவர் உலகத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவானாம்.

உங்கள் வீட்டு வாசலில் இருக்கிற பலகையில் உங்கள் வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் கொழுந்தன், என் வீட்டுக்காரர், அதே வீட்டில்தான் பிறந்தார், அதே வீட்டில்தான் கண்ணை மூடினார். தபால்காரர் அவரைத் தேடும்போதெல்லாம் 'பெரியவர் வீட்டு மாடி' என்பார். அவர் சிரித்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வராது. சமையலறையில் உப்பு டப்பாவை நான் இடம் மாற்றி வைத்தால் சாயங்காலத்துக்குள் அது பழைய இடத்துக்குப் போய்விடும். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். இந்தத் தடவை உலகத்தை நான் திறக்கிறேன். நீங்கள் விருந்தாளியாக வாருங்கள். வாளையும் எனக்குக் கொடுங்கள். நீங்கள் மந்திரக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடியாது என்றால் வேண்டாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், பழகிவிட்டது.

சின்னவள்


பிப்ரவரி 24

சின்னவளுக்கு,

முடியாது.

இதை எழுதிவிட்டுக் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். மறுநாள் அதே கவரைக் கிழித்து இதைக் கீழே எழுதுகிறேன். கவர் வீணாகப் போனது உன்னால்தான்.

உப்பு டப்பாவை நீ அடுப்புக்கு இடது பக்கம் வைப்பாய். அங்கே ஆவி அடித்து உப்பு கட்டி தட்டும். அதனால் மாற்றினேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ எதையும் கேட்க மாட்டாய். உள்ளே போட்டுப் பூட்டி வைத்துக்கொண்டு, ஊரை விட்டுப் போகிற நாளில் வாசலில் கொட்டுவாய்.

போன வாரம் மறுபடி அந்தக் கடைசிக் கதவு முன்னால் போய் நின்றேன். ரெண்டாவது கன்ட்ரோலரை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டு ரெண்டு பேரையும் நானே தள்ள வைத்துப் பார்த்தேன். வலது கை தள்ளும்போது இடது கை நழுவுகிறது. மருமகள் பார்த்துவிட்டு, "என்னத்தை, யாரோட சண்டை?" என்றாள். யாருமில்லை என்று சொன்னேன்.

சரி. நீயே திற. நான் விருந்தாளியாக வருகிறேன். மந்திரக்கோலை எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பின்னால் நடந்து பழக்கமில்லை, ஆனாலும் வருகிறேன்.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். நாலு பேர் வரலாம் என்று அவன் சொல்கிறான் என்பதற்காக யாரையும் கூட்டிக்கொண்டு வரக்கூடாது. நாம் ரெண்டு பேர்தான். புதுக் காட்டுக்குள் முதல் அடி ரெண்டு பேரும் சேர்ந்துதான் வைக்க வேண்டும். நானும் முன்னால் போகக்கூடாது, நீயும் முன்னால் போகக்கூடாது. அங்கே என்ன இருக்கிறது என்று ஒருத்திக்குத் தெரிந்து ஒருத்திக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. இதற்கு நீ வார்த்தை கொடுக்க வேண்டும்.

பெரியவள்


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வார்த்தை கொடுக்கிறேன். ரெண்டு பேர்தான். முதல் அடி சேர்ந்துதான். எங்கள் பெண் மேல் ஆணையாக.

உங்கள் கடிதத்தை மகளிடம் படித்துக் காட்டினேன். "பெரியம்மாவா? மந்திரக்கோலா?" என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உப்பு விஷயம் எனக்கு இன்றுவரை தெரியாது.

சின்னவள்


மார்ச் 30

சின்னவளுக்கு,

ஆணை எல்லாம் எதற்கு? வார்த்தை போதும். பெண் பிள்ளையை இதில் இழுக்காதே.

கட்டை விரல் பிடித்துக்கொள்கிறது. தினம் வெந்நீரில் வைத்து எடுக்கிறேன். ஜூனுக்குள் சரியாகிவிடும். பழைய கேமில் இந்த வாரம் முழுக்க ரெண்டாவது கன்ட்ரோலரில் மருத்துவச்சியாக ஆடிப் பழகினேன். விழுந்தவளை எழுப்ப, மந்திரக்கோலைத் தூக்கி மூன்று மூச்சு அசையாமல் பிடித்திருக்க வேண்டும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அந்த மூன்று மூச்சு நேரமும் ஓநாய் உன்னைத்தானே கடித்திருக்கும்? சொன்னதே இல்லையே நீ.

வீடு எங்கே கட்டலாம் என்று யோசித்து வை. கம்பெனிக்காரன் விட்ட படத்தில் ஆற்று வளைவும் ஒரு பழைய மில்லும் தெரிகின்றன. எனக்கு மில் பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டுக்காரி நீ. நீ சொல்.

பெரியவள்


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாறிவிட்டது, வீட்டு வேலை என் தலையில்.

மில் வேண்டாம் அக்கா. அங்கே ஓநாய்த் தொல்லை அதிகம். அதற்கு மேலே மேட்டில் கூரை உடைந்த ஒரு கல்வீடு இருக்கிறது, அதுதான் நல்லது. ஜன்னலைத் திறந்தால் ஆறு முழுக்கத் தெரியும். ஏறும்போது மட்டும் பார்த்து ஏற வேண்டும், படிக்கட்டில் மூன்றாவது கல் ஆடும். ஆற்றிலும் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, குளிரில் உயிர் குறைந்துவிடும்.

விரலுக்கு வெந்நீரோடு கொஞ்சம் உப்பும் போடுங்கள்.

சின்னவள்


மே 6

ஓரகத்திக்கு,

மருமகள் துணி மடித்துக்கொண்டே, "அத்தை, உங்க கேமோட ட்ரையல் வீடியோ வந்திருக்கு, பாக்குறீங்களா?" என்று போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கேம் வெளிவருவதற்கு முன்னால் கொஞ்சம் பேரை மட்டும் கூப்பிட்டு, எல்லாரையும் ஒரே காட்டுக்குள் ஆட விட்டிருக்கிறான். அதில் யாரோ ஒருத்தன் தான் நடந்து போனதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறான்.

மேட்டில் கூரை உடைந்த கல்வீடு வந்தது. நீ எழுதிய வீடு. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஒருத்தி வாளைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறினாள். மூன்றாவது கல் ஆடியது. கதவு முன்னால் போய் நின்றாள். ரெண்டு தரம் குதித்தாள். அப்புறம் திறந்தாள்.

"இன்னொரு தரம் போடு" என்றேன். மருமகள் போட்டாள். அதே படி, அதே கல். தொப், தொப்.

முகம் மாற்றிக்கொள்ளலாம், உடை மாற்றிக்கொள்ளலாம். உலகத்தில் கதவைத் திறக்க ரெண்டு தரம் குதிக்கிற பைத்தியம் நீ ஒருத்திதான்.

தலைக்கு மேலே பெயர் எழுதியிருந்தது. மருமகள் படிப்பதற்கு முன்னால் நானே கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டேன். 'பெரியவள்'. பின்னாலேயே மந்திரக்கோலோடு ஒருத்தி பூப் பறித்துக்கொண்டு வந்தாள். அவள் தலைக்கு மேலே 'சின்னவள்'.

யார் அவள்?

ஏப்ரல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். கல் ஆடும் என்கிறாய், ஆற்றுத் தண்ணீர் குளிரும் என்கிறாய். எந்தப் படத்திலும் அது கிடையாது. நீ அங்கே போய் நின்றுவிட்டு வந்துதான் எனக்கு எழுதியிருக்கிறாய். விரலுக்கு உப்புப் போடச் சொல்லியிருக்கிறாய்! நான் போட்டேன்!

நான் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். முதல் அடி.

என் இடத்தை எடுத்துக்கொள் என்று நானே கொடுத்திருந்தேன். கொடுத்ததை ஜூன் மாதம் வந்து வாங்கிக்கொள்ள உனக்குப் பொறுமை இல்லை.


மே 18

அக்காவுக்கு,

மறுக்க மாட்டேன். அது நான்தான்.

அந்த ட்ரையலுக்கு மகள் என் பெயரையும் கொடுத்து வைத்திருந்தாள். ஏப்ரல் தொடக்கத்தில் அழைப்பு வந்தது. ரெண்டு பேருக்கு இடம், மறுநாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு எழுதினால் கடிதம் வந்து சேர ஒரு வாரம் ஆகும். போன் செய்தேன் அக்கா. எடுத்தீர்கள், என் மூச்சுச் சத்தம் கேட்டதும் கவிழ்த்து வைத்துவிட்டீர்கள். மேடையில் தட்டு வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் தப்பித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. நீங்கள் போனில் பேசியிருந்தாலும் நான் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வழி தெரிந்தவளாக ஒரு தடவை உங்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று ஆசை. "அந்தக் கல்லு ஆடும், பாத்து வாங்க" என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

பின்னால் வந்தவர் என் சம்பந்தியம்மா. மகளின் மாமியார். சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்தார், கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். அவருக்குப் பெயர் போடத் தெரியாது. ரெண்டு பெயரையும் நான்தான் போட்டேன். 'பெரியவள்' என்று போடும்போது கை கூசியது. ஆனாலும் போட்டேன்.

ஒரு மத்தியானம் பெரியவளாக இருந்தேன். நினைத்த மாதிரி சுகமாக இல்லை. முன்னால் போகிறவளுக்குத்தான் எல்லா அடியும் விழுகிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது நீங்கள் திட்டுவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அடி வாங்குவது தெரியவில்லை. மில்லுக்குப் பக்கத்தில் நான் விழுந்தேன். சம்பந்தியம்மா பூப் பறித்துக்கொண்டிருந்தார். "எழுப்புங்கம்மா, எழுப்புங்க!" என்று கத்துகிறேன். "இருங்க, இந்த மஞ்சப் பூவை எடுத்துட்டு வர்றேன்" என்கிறார். அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

அப்போது உங்களைத்தான் நினைத்தேன். நம்பினால் நம்புங்கள்.

கேம் ஜூன் பன்னிரண்டாம் தேதி வருகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு என் உலகத்தைத் திறந்து அழைப்பு அனுப்புவேன். ரெண்டு பேருக்கு மட்டும். வராமல் இருந்துவிடாதீர்கள்.

சின்னவள்


மே 29

வருகிறேன். நான் கொடுத்த வார்த்தையை நான் மாற்றுவதில்லை. விருந்தாளியாக, மந்திரக்கோலோடு.


ஜூன் 14

அக்கா,

நான் விழுந்தபோது நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். மந்திரக்கோல் உங்கள் கையில் இருந்தது. ஓநாய்கள் எல்லாம் என்மேல்தான் இருந்தன, உங்களை ஒன்றும் தொடவில்லை. சம்பந்தியம்மாவுக்கு எழுப்பத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பழகி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள்.

ஏன் அக்கா?


ஜூன் 25

சின்னவளுக்கு,

கேட்டுவிட்டாய். அதனால் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி மூன்று மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். விரலை வெந்நீரில் வைத்து எடுத்தேன், உப்பு போடவில்லை. கம்பெனிக்காரன் இந்தத் தடவை சொன்னதைச் செய்திருக்கிறான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நெட் போகவில்லை. நாலு மணி அடித்ததும் திரையில் எழுத்து வந்தது: 'குருவி உங்களைத் தன் உலகத்துக்கு அழைக்கிறாள்.' பெயரை மாற்றியிருந்தாய். நீ கல்யாணமாகி வந்த வருஷம் நான் உனக்கு வைத்த பெயர். ஒல்லியாக, படியில் தாவித் தாவி வருவாய். அந்தப் பெயரைப் போட்டால் நான் கரைந்துவிடுவேன் என்று நினைத்தாயாக்கும். கொஞ்சம் கரைந்தேன். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமானது.

உள்ளே வந்தேன். காடு அழகாகத்தான் இருந்தது. வெயில் இலைக்குள் விழுகிற அழகைப் பார்த்து எனக்கு வாய் திறந்துவிட்டது. உன்னைப் பார்த்தேன். நீ எதையும் பார்க்கவில்லை. உனக்கு அதெல்லாம் பழசு. நேரே நடந்தாய், எங்கே திரும்ப வேண்டும் என்று தெரிந்து திரும்பினாய். படகு இந்தத் தடவையும் கட்டித்தான் கிடக்கிறது. நான் அதன் முன்னால் நின்றேன். நீ நிற்கவே இல்லை. ஏற முடியாது என்று முன்பே போய்ப் பார்த்திருக்கிறாய்.

படிக்கட்டில் மூன்றாவது கல்லுக்கு முன்னால் திரும்பி எனக்குக் கை காட்டினாய். பார்த்து வரச் சொன்னாய். மேலே போனதும் குனிந்து வணங்கினாய். ஒரு தரம் இல்லை, பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாய். நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்த்தேன்.

மில் பக்கம் ஓநாய் வந்தது. அது வரும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் நீ எழுதித் தெரியும். நீ வாளோடு முன்னால் போனாய். நன்றாகத்தான் வீசினாய், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் விழுந்தாய். நான் மந்திரக்கோலைத் தூக்கினேன். மூன்று மூச்சு பிடித்திருந்தால் போதும். ஒரு மூச்சு பிடித்தேன், ரெண்டு மூச்சு பிடித்தேன். உன் முதல் அடியில் நான் இல்லை. உன் பின்னால் யாரோ பூப் பறித்துக்கொண்டு நின்றாள், அவள் தலையில் உன் பெயர், உன் தலையில் என் பெயர். அது கண்ணுக்குள் வந்தது. விரலை எடுத்துவிட்டேன். எடுத்து, கையாட்டுகிற பட்டனை அழுத்தினேன்.

விரல் பிடித்துக்கொண்டது என்று எழுதலாம் என்று மருமகள் சொன்னாள். அப்படி எழுத மாட்டேன். வேண்டுமென்றுதான் எடுத்தேன். உனக்கு வலித்திருக்கும். வலிக்கட்டும்.

நீ எழுதியிருந்தாயே, வீட்டுக்காரி விழுந்தால் விருந்தாளியைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்று. அதை நான் அந்த நேரம் மறந்துவிட்டேன். நானா மறந்தேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. திரை வெள்ளையானது. 'நீங்கள் உங்கள் உலகத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறீர்கள்' என்றது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் அதே காடு, அதே ஆறு, அதே மேடு. ஆள் இல்லை. என் உலகம். நான்தான் வீட்டுக்காரி. கையில் அந்த மந்திரக்கோல். எழுப்புவதற்கு யாரும் இல்லாத இடத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஓநாய் வருவதற்குள் எங்கேயாவது நுழைய வேண்டும். மேட்டுக்குப் போனேன். மூன்றாவது கல் ஆடியது, நீ சொன்ன மாதிரியே. சரியாகக் கால் வைத்து ஏறிவிட்டேன். கதவு முன்னால் போய் நின்றேன். திறக்கிற பட்டன் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் என் கட்டை விரல் தானாகப் போய் வேறு பட்டனை அழுத்தியது. ரெண்டு தரம்.

மருமகள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அதற்கும் நீதான் காரணம். அதையும் நான் மறக்க மாட்டேன்.

பெரியவள்